அறநிலையங்களும் சூரிய மின்சார மானியமும்

தொழில் நாடியும் பதவி நாடியும் பிற மாநிலங்களிற் குடியேறிய தமிழ் மக்கள், சென்ற ஊரில் நாலு குடும்பங்கள் சேர்ந்தவுடன் ஒரு சங்கம் காண்பதை வழக்கமாகக் கொண்டிருக்கின்றனர். மும்பையில் 1932ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தென்னிந்தியக் கல்விச் சங்கமும், தலைநகரில் 1946ஆம் ஆண்டு தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கமும், அந்நகரிலேயே ஏழு பள்ளிகளை நடத்திவரும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகமும் யாவரும் அறிந்தவை. இவையன்றி, பெயர் பெரிதும் பரவாத சிறு பள்ளிகள், படிப்பகங்கள், பஜனை மண்டபங்கள், முதியோர் இல்லங்கள், இலவச மருந்தகங்கள் எத்தனையோ உள்ளன. இவை யாவற்றுக்கும் பொதுவான இலக்கணம் ஒன்று உண்டு. இவை இலாபம் கருதி நடப்பவை அல்ல. உறுப்பினர் தரும் சந்தாவும் அன்பர்கள் தரும் நன்கொடையுமே இவற்றின் உயிர்.

இத்தகைய அமைப்பு ஒன்றின் செலவுக் கணக்கை எடுத்துப் பார்த்தால், ஆசிரியர் சம்பளத்தையும் அடுப்படிச் செலவையும் அடுத்து, மாதந்தோறும் தவறாமல் வந்து நிற்பது மின்சாரக் கட்டணம். அதைக் கட்டாமலிருக்க இயலாது. விசிறி நின்றால் வகுப்பு நடவாது. குளிர்பெட்டி நின்றால் மருந்து கெடும். எனவே கட்டணம் உயரும்போதெல்லாம் நூலகத்துக்கு வாங்க வேண்டிய புத்தகமும், ஏழைப் பிள்ளைக்குத் தர வேண்டிய உதவித்தொகையும் தள்ளிப் போகின்றன. கட்டடத்தின் மேற்றளமோ வெயிலில் வெறுமனே காய்ந்து கிடக்கிறது. அந்த வெயிலையே மின்சாரமாக்கலாம் என்பது இன்று புதிய செய்தியன்று. அதற்கு வேண்டிய முதலீட்டை யார் தருவார், எந்த நிபந்தனையின்பேரில் தருவார் என்பதே கேள்வி. அக்கேள்வியைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறேன்.

முதலில் அரசாங்கத்தின் மானியத்தைப் பார்ப்போம். மரபுசாரா எரிசக்திக்கென மத்திய அரசில் ஒரு துறை 1982ஆம் ஆண்டு ஏற்பட்டது. 1992இல் அது தனி அமைச்சகமாயிற்று. 2006ஆம் ஆண்டு முதல் ‘புதிய, புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம்’ என்ற பெயரைத் தாங்கி நடந்து வருகிறது. இவ்வமைச்சகத்தின் உதவியை முன்னதாகவே பெற்றுப் பயன் கண்டவர்களுள் அறநிலையங்கள் பல உண்டு. திருமலையில் அன்னதானச் சமையலுக்காகவும், 2009ஆம் ஆண்டில் சீரடியில் பக்தர்களின் உணவுக்காகவும், சூரிய வெப்பத்தால் நீராவி உண்டாக்கிச் சமைக்கும் பெரிய கூடங்கள் அமைந்தன. வானை நோக்கிய வட்டில்போன்ற கண்ணாடி வளைவுகள் வெயிலை ஓரிடத்தில் குவிக்கின்றன. அங்குத் தோன்றும் நீராவி குழாய் வழியாக அடுக்களைக்குச் செல்கிறது. சீரடியில் மட்டும் இத்தகைய வட்டில்கள் எழுபத்து மூன்று.

இவற்றைக் காட்டிலும் பெரிய முயற்சி ஒன்று ராஜஸ்தானத்தின் அபு ரோடு அருகே நிகழ்ந்தது. அங்கு ஓர் அறக்கட்டளை, ‘இந்தியா ஒன்’ என்ற பெயரால், ஒவ்வொன்றும் 60 சதுர மீட்டர் பரப்புள்ள 770 வட்டில்களை நிறுவி, 1 மெகாவாட் அளவுக்கு மின்சாரம் உண்டாக்கும் நிலையத்தை அமைத்தது. பகலில் சேரும் வெப்பத்தை வார்ப்பிரும்புக் கட்டிகளில் தேக்கி வைத்து, கதிரவன் மறைந்த பின்னும் பதினாறு மணி நேரம் வரை பயன்படுத்துவது அதன் சிறப்பு. இதற்கு மத்திய அமைச்சகமும் ஜெர்மனி நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சகமும் பொருளுதவி செய்தன. ஓர் அறநிலையம் மானியம் பெறும் பயனாளியாக மட்டுமன்றி, நாட்டுக்கே ஒரு புதிய முறையைச் சோதித்துக் காட்டும் களமாகவும் விளங்கலாம் என்பதற்கு இது சான்று.

ஆயினும் எல்லாச் சங்கங்களும் ஆயிரக்கணக்கானோருக்கு உணவு சமைப்பவை அல்ல. பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது மேற்றளத்தில் சில மின்பலகைகள், அவ்வளவே. இவர்களுக்கும் ஒரு நற்காலம் இருந்தது. 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மத்திய அமைச்சரவைக் குழு, மேற்றளச் சூரிய மின்சாரத் திட்டத்துக்கான ஒதுக்கீட்டை 600 கோடி ரூபாயிலிருந்து 5,000 கோடியாக உயர்த்தியது. அத்திட்டத்தில் வீடுகளோடு கல்வி நிலையங்களும் மருத்துவ நிலையங்களும், முதியோர் இல்லம், அநாதை இல்லம், நூலகம் போன்ற சமூக அமைப்புகளும் இடம்பெற்றன. பொதுவான மாநிலங்களில் செலவில் 30 விழுக்காடும், வடகிழக்கு மாநிலங்கள், உத்தராகண்டம், இமாசலப் பிரதேசம், காஷ்மீரம், அந்தமான் முதலிய பகுதிகளில் 70 விழுக்காடும் மானியமாகக் கிடைத்தன.

2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் இத்திட்டத்தின் இரண்டாம் கட்டம் 11,814 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்டபோது நிலை மாறிற்று. மத்திய அரசின் மேற்றள மானியம் வீடுகளுக்கு மட்டும் என்று வரையறுக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய ‘பிரதம மந்திரி சூரிய இல்லம்’ திட்டமும் அவ்வழியே செல்கிறது. 75,021 கோடி ரூபாய்ச் செலவில் ஒரு கோடி வீடுகளை நாடும் அத்திட்டம் 2026-27 நிதியாண்டு முடிய நடப்பதற்காக வகுக்கப்பட்டது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும், ஆக 78,000 ரூபாய் வரை அது வீட்டுக்காரருக்குத் தருகிறது. அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்கள் தம் பொது விளக்கு, நீர் இறைக்கும் மோட்டார் முதலியவற்றுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 18,000 ரூபாய் பெற இடமுண்டு. மும்பையிலும் தில்லியிலும் கூட்டுறவுக் குடியிருப்புகளில் வாழும் தமிழன்பர்கள் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும். ஆனால் தமிழ்ப் பள்ளிக்கோ முதியோர் இல்லத்துக்கோ இக்கதவு திறக்கவில்லை.

வீட்டுக்காரருக்கு மானியம் உண்டு. வியாபாரிக்கோ வேறு வகையான உதவி உண்டு. ஒரு தொழிற்சாலை சூரிய மின்நிலையம் அமைத்தால், அதன் விலையைத் தேய்மானமாக விரைவில் கழித்துக் கொண்டு வருமான வரியைக் குறைத்துக் கொள்ளச் சட்டம் இடந்தந்தது. ஒரு காலத்தில் முதல் ஆண்டிலேயே 80 விழுக்காடு கழிக்க முடிந்தது. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அது 40 விழுக்காடாயிற்று. வரி செலுத்துவோருக்கே வரிச்சலுகையால் ஆதாயம். அறநிலையம் வரி செலுத்துவதில்லை. ஆகவே இச்சலுகையால் அதற்கு ஒரு காசும் மிச்சமில்லை. வீடும் அன்று, வணிகமும் அன்று என்ற காரணத்தால், பொதுநலம் ஒன்றையே நோக்கமாகக் கொண்ட அமைப்பு இரண்டு வாயில்களுக்கும் வெளியே நிற்கிறது. அரசாங்கம் இக்குறையை ஆராய்ந்து, பழையபடி சமூக நிறுவனங்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்குதல் நியாயமாகும். சங்கங்கள் தனித்தனியே முணுமுணுப்பதை விட்டு, ஒன்றுகூடி இதனை எடுத்துரைக்க வேண்டும்.

அதுவரை கைகட்டி இருக்க வேண்டுமா? வேண்டுவதில்லை. மூன்றாவது வாயில் ஒன்று உண்டு. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. 500 கோடி ரூபாய் நிகரமதிப்போ, 1,000 கோடி ரூபாய் விற்றுவரவோ, 5 கோடி ரூபாய் நிகர இலாபமோ உடைய கம்பெனி, முந்திய மூன்றாண்டுகளின் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது அதன் விதி. எவ்வகைப் பணிகளுக்குச் செலவிடலாம் என்று சட்டத்தின் ஏழாம் அட்டவணை வகுத்திருக்கிறது. கல்வி, மருத்துவம், முதியோர் நலம், சுற்றுச்சூழல் காப்பு, இயற்கை வளங்களைப் பேணல் ஆகியவை அதில் அடங்கும். பள்ளி ஒன்றின் மேற்றளத்தில் சூரிய மின்நிலையம் அமைப்பது இவற்றுள் இரண்டுக்கேனும் பொருந்துவது கண்கூடு.

இச்சட்டத்தில் சங்கத் தலைவர்கள் நினைவிற்கொள்ள வேண்டிய குறிப்புகள் மூன்று. முதலாவது, கம்பெனி தான் தொழில் நடத்தும் ஊருக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே கூறுகிறது. ஆகவே பெயர்பெற்ற பெருங்கம்பெனியின் தலைமையகத்துக்குக் கடிதம் எழுதிக் காத்திருப்பதைவிட, நம் பேட்டையிலேயே இயங்கும் ஆலையின் அல்லது வங்கியின் கதவைத் தட்டுவது மேல். இரண்டாவது, பணம் பெறும் அமைப்பு முறைப்படி பதிவு பெற்ற அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ இருக்க வேண்டும். வருமான வரிச் சட்டத்தின்கீழ் அறநிறுவனப் பதிவும் நன்கொடையாளர் வரிவிலக்குப் பதிவும் பெற்றிருக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல், கம்பெனி விவகார அமைச்சகத்தில் படிவம் கொடுத்துத் தனிப்பதிவு எண்ணும் பெற வேண்டும். மூன்றாவது, 2021ஆம் ஆண்டு விதித் திருத்தத்தின்படி, இப்பணத்தில் உண்டாகும் நிலையான சொத்தைக் கம்பெனி தன் பெயரில் வைத்துக் கொள்ள இயலாது. பதிவு பெற்ற அறநிலையமோ, பயனாளிகளோ, பொது அதிகார அமைப்போதான் உடைமையாளராக இருக்க முடியும். அதாவது மின்பலகைகள் நம்முடையவை. நம்முடையவை என்றால் அவற்றைக் காக்கும் கடமையும் நம்முடையதே.

வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர்கள் பணம் அனுப்ப விரும்புவது இயல்பு. இதில் மிக்க எச்சரிக்கை வேண்டும். வெளிநாட்டு மூலங்களிலிருந்து வரும் நன்கொடையை 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அதன்கீழ்ப் பதிவோ முன்னனுமதியோ இன்றி ஒரு ரூபாயும் பெறலாகாது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், அப்பணம் புதுதில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறந்த கணக்குக்கே முதலில் வர வேண்டும்; ஒரு சங்கம் பெற்றதை மற்றொரு சங்கத்துக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. நல்லெண்ணம் மட்டும் இங்குக் காப்பாகாது.

மானியமே கிடைக்காத இடத்திலும் ஒரு வழி உண்டு. முதலீட்டாளர் ஒருவர் தம் செலவில் நம் மேற்றளத்தில் மின்நிலையம் அமைத்து, அதில் விளையும் மின்சாரத்தை, நாம் இன்று கொடுக்கும் விலையைவிடக் குறைந்த விலைக்கு நமக்கே நீண்டகால ஒப்பந்தத்தின்பேரில் விற்கிறார். அவர் வரி செலுத்துபவராதலால் நமக்குக் கிட்டாத தேய்மானச் சலுகை அவருக்குக் கிட்டுகிறது. அதில் ஒரு பங்கு விலைக்குறைப்பாக நம்மை வந்தடைகிறது. ஆனால் ஆண்டுதோறும் விலை எவ்வளவு ஏறும், இடையில் நிலையத்தை விலைக்கு வாங்க இயலுமா, காலம் முடிந்தபின் அது யாரைச் சேரும் என்ற மூன்றையும் எழுத்தில் காணாமல் கையெழுத்திடலாகாது.

இனி அளவும் கணக்கும். ஒரு கிலோவாட் மின்பலகைக்கு நிழல் விழாத இடம் ஏறத்தாழ 10 சதுர மீட்டர் வேண்டும். நம் நாட்டின் பெரும்பகுதியில் அது நாளொன்றுக்குச் சராசரி நான்கு யூனிட் தரும். பத்துக் கிலோவாட் நிலையமாயின் ஆண்டுக்குச் சுமார் 14,000 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று கொண்டால் ஆண்டு மிச்சம் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய். கிலோவாட்டுக்கு ஐம்பதாயிரம் வீதம் செலவு ஐந்து லட்சம் என்று வைத்துக் கொண்டால், ஐந்தாண்டுகளுக்குள் முதல் திரும்பிவிடும். மின்பலகையின் ஆயுளோ இருபத்தைந்து ஆண்டு என்பர். சூரிய மின்கருவிகள் மீதான சரக்கு-சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்ததும் ஓர் ஆறுதல்.

கணக்கு இவ்வளவு எளிதாகத் தோன்றினும், அவ்வமைப்பு எப்போது மின்சாரம் செலவிடுகிறது என்பதைப் பார்த்த பின்னரே அளவைத் தீர்மானிக்க வேண்டும். பகற்பள்ளிக்கு வெயிலும் வகுப்பும் ஒரே நேரத்தில் வருவது நற்பொருத்தம். ஆனால் வெயில் கொளுத்தும் மே மாதத்தில் பள்ளிக்கு விடுமுறை! விளையும் மின்சாரம் வீணாகாமலிருக்க, ஊர் மின்கம்பிக்கு அதை அனுப்பி, பின்னர் வேண்டும்போது திரும்பப் பெறும் ‘நெட் மீட்டரிங்’ என்னும் நிகரக்கணக்கு முறை வேண்டும். 2021ஆம் ஆண்டு மத்திய விதித் திருத்தம் 500 கிலோவாட் வரை, அல்லது அனுமதி பெற்ற மின்சுமை வரை, இவற்றில் எது குறைவோ அதற்கு, இம்முறைக்கு இடந்தந்தது. ஆண்டு முடிவில் எஞ்சிய யூனிட்டுக்கு என்ன விலை என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். முதியோர் இல்லமும் மாணவர் விடுதியும் மாலையிலும் இரவிலும் மிகுதியாகச் செலவிடுபவை. அவற்றுக்கு இம்முறையே உயிர்நாடி. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சில மாநிலங்களில் கல்விக்கும் தொண்டுக்கும் தனிக் கட்டண வகை உண்டு. நம் ரசீதில் எந்த வகை குறிக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். தவறான வகையில் கட்டிக் கொண்டிருந்தால், மின்பலகை வருமுன்னரே ஒரு விண்ணப்பத்தால் செலவு குறையலாம்.

கட்டடம் நம்முடையதுதானா என்பதும் பெரிய கேள்வி. பிற மாநிலங்களில் நம் சங்கங்கள் பல வாடகைக் கட்டடத்திலோ, ஆலய வளாகத்திலோ, அரசு குத்தகைக்குத் தந்த மனையிலோ நடக்கின்றன. இருபத்தைந்தாண்டுக் கருவியை ஐந்தாண்டுக் குத்தகையின்மேல் வைத்தலாகாது. உடைமையாளரின் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும். தளம் தாங்குமா என்று பொறியாளர் ஒருவர் பார்க்க வேண்டும். ஒழுகும் தளத்தை முதலில் செப்பனிட வேண்டும். பலகைகளைப் பொருத்திய பின் அது பெருந்தொல்லை.

இனி, யாவற்றினும் முக்கியமானது என்று நான் கருதும் ஒன்றுக்கு வருகிறேன். விளக்கெரிக்கத் தானம் அளிப்பது தமிழருக்கு நேற்று வந்த வழக்கமன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் படிப்போர் நந்தா விளக்குத் தானங்களை அடிக்கடி காண்பர். இரவும் பகலும் அணையாது எரியும் விளக்கு ஒன்றுக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் என்பது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிற் காணும் அளவு. கொடையாளி விளக்கைச் செய்து கொடுத்ததோடு நின்றுவிடவில்லை. ஆடுகள் இடையரிடம் ஒப்படைக்கப்பட்டன. நாள்தோறும் உழக்கு நெய் அவர்கள் அளந்தாக வேண்டும். ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டு அந்த ஆடுகளைக் குறிக்கும். ஆடு சாகாதா? மூப்படையாதா? சாகும், மூக்கும். ஆனால் ஈன்ற குட்டிகளால் மந்தையின் எண்ணிக்கை குறையாமல் காக்கப்படும் என்பதே பொருள். விளக்கை நிறுவும் நாளிலேயே நெய்க்கும் வழி வகுத்த அறிவு அது.

இன்றைய மானியங்களிற் பல விளக்கைத் தருகின்றன, நெய்யைத் தருவதில்லை. பலகைகள் ஏறுகின்றன, பெயர்ப்பலகை திறக்கப்படுகிறது, புகைப்படம் எடுக்கப்படுகிறது. சில ஆண்டுகள் சென்றபின் தூசி படிந்து விளைச்சல் குறைகிறது, இன்வெர்ட்டர் பழுதாகிறது, பாட்டரி இருந்தால் அதுவும் ஓய்கிறது, மாற்றுவதற்குப் பணம் இல்லை. கம்பெனிகளின் சமூகப்பணிச் சட்டத்தில் தொடர்பணி என்பதற்கே, தொடங்கிய ஆண்டு நீங்கலாக, மூன்றாண்டுதான் எல்லை. எனவே இருபத்தைந்தாண்டுக் காவலை எந்தக் கொடையாளியிடமும் எதிர்பார்க்க வழியில்லை. அதை நாமே செய்து கொள்ள வேண்டும்.

செய்வது கடினமன்று. முற்கூறிய பத்துக் கிலோவாட் நிலையம் ஆண்டுக்கு மிச்சப்படுத்தும் தொகையில் பத்தில் ஒரு பங்கை, பதினோராயிரம் ரூபாயை, தனி வங்கிக் கணக்கில் இட்டு வரவேண்டும். பத்தாண்டில் வட்டியன்றியே ஒரு லட்சத்துக்கு மேல் சேரும். அவ்வளவு காலத்தில் மாற்ற வேண்டிவரும் இன்வெர்ட்டருக்கு அது பெரும்பாலும் போதும். இக்கணக்கை வேறு எதற்கும் தொடுவதில்லை என்று நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றி, அத்தீர்மானத்தின் நகலையே மானிய விண்ணப்பத்தோடு இணைக்கலாம். தம் பணம் இருபது ஆண்டுக்குப் பின்னும் வேலை செய்யும் என்று காண்கிற கொடையாளி, அத்தகைய விண்ணப்பத்தை மற்றவற்றோடு ஒன்றாக வைக்கமாட்டார். இதனோடு பன்னிரண்டு மாதத்து மின்கட்டண ரசீது, மூன்றாண்டுத் தணிக்கைக் கணக்கு, மேற்றள வரைபடம், மூன்று விலைப்பட்டியல்கள், மிச்சமாகும் பணம் எதற்குப் பயன்படும் என்ற ஒரு பக்கக் குறிப்பு ஆகியவையும் இருந்தால் விண்ணப்பம் நிறைவுடையதாகும்.

அந்த ஒரு பக்கக் குறிப்பை அலட்சியமாக எழுதலாகாது. எத்தனை யூனிட் விளையும் என்பது பொறியாளர் சொல்லும் செய்தி. அதனால் எத்தனை பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை தரலாம், எத்தனை முதியோருக்கு மருந்து வாங்கலாம் என்பதைச் சங்கந்தான் சொல்ல முடியும். அப்படிப் பயன்பெறுவோர் தமிழராக மட்டும் இருக்க வேண்டுவதில்லை. நம் பள்ளிகளில் அவ்வூர்ப் பிள்ளைகளும் படிக்கின்றனர். நம் மருந்தகங்களுக்கு அக்கம்பக்கத்தாரும் வருகின்றனர். வந்த ஊருக்கு நாம் செய்யும் கைம்மாறு அது.

ஆகவே சங்க நிர்வாகிகள் அடுத்த செயற்குழுவில் இதனை ஒரு பொருளாக வைத்துக் கொள்ளுமாறு கேட்டுக் கொள்கிறேன். உறுப்பினருள் பொறியாளர் ஒருவர், தணிக்கையாளர் ஒருவர், அவ்வூர் மொழியில் அலுவலகங்களோடு பேச வல்லவர் ஒருவர் ஆக மூவர் சேர்ந்தால் குழு அமைந்துவிடும். அவர்கள் முதலில் மேற்றளத்துக்கு ஏறிப் பார்க்கட்டும். பிறகு ரசீதுகளைப் பார்க்கட்டும். அதன் பிறகு விண்ணப்பம் எழுதட்டும். விளக்கோடு நெய்யையும் எண்ணிச் செய்யும் சங்கத்துக்குக் கொடை தேடி வரும். வந்த கொடையும் நிலைக்கும்.